வந்து எழுதியவள்

சகாயராணியின் எண்ணுக்கு நேரே மூன்று ஏ போட்டிருந்தார்கள்.

1997 ஜூன் மாதம். திண்டுக்கல்லில் நாங்கள் படித்த மாலைக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் பி.காம். இறுதியாண்டுத் தேர்வு முடிவை ஒட்டியிருந்தார்கள். நிதியைச் சிறப்புப் பாடமாக எடுத்த எங்கள் வகுப்பில் நாற்பது பேர். அவள் எண் முப்பத்தொன்று, என் எண் இருபத்திரண்டு. எண்ணுக்கு நேரே ஆறு தாள்களின் மதிப்பெண்களும் வரிசையாக இருக்கும். அவளுக்கு ஐந்து தாள்களில் அறுபதுக்குக் குறையாத மதிப்பெண். ஆறாவது தாளான நிதி மேலாண்மையில் மட்டும் 'ஏ ஏ ஏ'. தேர்வுக்கு வரவில்லை என்று பொருள்.

அவள் வந்திருந்தாள். அந்த அறையில் என் பக்கத்து வரிசையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து எழுதினாள். கூடுதல் தாள் இரண்டு முறை கேட்டு வாங்கினாள். இரண்டாவது முறை கண்காணிப்பாளர் தாளைக் கொண்டுவர நேரமாக்கியதால் எழுந்து நின்று கேட்டாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பேச்சி, என்ன இது?" என்று என்னைக் கேட்டாள்.

"ஏதோ தப்பாப் போட்டுட்டாங்க. ஆபீஸ்ல சொன்னா சரி பண்ணிருவாங்க" என்றேன்.

நம்பித்தான் சொன்னேன். சரி பண்ண ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடத்தில் நான் என்ன செய்தேன், என்ன செய்யாமல் இருந்தேன் என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

சகாயராணி அகரத்துப் பெண். அப்பா மிக்கேல்ராஜுக்கு அங்கே ஒன்றேகால் ஏக்கர், கிணற்றுப் பாசனம். வெங்காயம் போடுவார். விலை இல்லையென்றால் அடுத்த போகம் தக்காளி போடுவார், அதற்கும் விலை இருக்காது. பிளஸ் டூ முடித்ததும் அவள் திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டி அக்பர் அலி பாய் நடத்திய எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை எட்டிலிருந்து மாலை நாலரை வரை பூத். ஐந்திலிருந்து எட்டு வரை கல்லூரி. எனக்குச் சொந்த ஊர் வேடசந்தூர்ப் பக்கம். மில்லில் வேலை பார்த்த அண்ணன் பொம்மையனின் வீடு நாகல்நகரில் இருந்தது. அங்கே தங்கி, பகலில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுவிட்டு மாலையில் வகுப்புக்குப் போனேன். அந்த வகுப்பில் வேலை பார்க்காமல் படித்தவர் ஒருவரும் இல்லை.

இரண்டாம் ஆண்டில் சிறப்புப் பாடம் எடுக்க வேண்டும். கூட்டுறவு, அல்லது நிதி. வகுப்பெடுத்த பேராசிரியர் பெண்கள் பக்கம் திரும்பி, "நிதியில கணக்கு ஜாஸ்தி. நீங்க கூட்டுறவு எடுங்க. மனப்பாடம் பண்ணியே பாஸ் பண்ணிரலாம்" என்றார்.

சகாயராணி எழுந்தாள். "மனப்பாடம் பண்றதுக்காக எட்டு மணி நேரம் வேல பாத்துட்டு இங்க வரல சார். எனக்கு நிதி போடுங்க."

பெண்களில் அவளும் நானும்தான் நிதி எடுத்தோம். அவள் எடுத்ததால் நான் எடுத்தேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. இன்றைக்குக் கையில் உள்ள நூறு ரூபாயும் ஐந்து வருடம் கழித்துக் கைக்கு வரப்போகும் நூறு ரூபாயும் ஒன்றில்லை என்று முதன்முதலாகப் படித்த அன்று, பேருந்து நிலையம் வரும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தாள். பூத்தில் ஆள் இல்லாத நேரங்களில் பில் துண்டுகளின் பின்பக்கம் கணக்குப் போடுவாள். கிணற்றை ஆழப்படுத்தலாமா, புதிதாக போர் போடலாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தபோது பத்து வருடத்துக்குக் கட்டம் போட்டு, எது லாபம் என்று காட்டினாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மழைக்கு இதுல எந்தக் கட்டம் தாயி?" என்று கேட்டாராம். அதைச் சொல்லி அவளே சிரித்தாள். அவள் சிரித்த நாட்கள் அவை.

முடிவு வந்த மறுநாள் முதல்வரைப் பார்க்கப் போனோம்.

"ஒரு தாள்தானம்மா. நவம்பர்ல எழுதிரு" என்றார்.

"எழுதிட்டேன் சார்."

"எழுதுனதுக்கு என்ன ஆதாரம்?"

"நீங்கதான் சார் ஆதாரம். பரீட்ச நடந்தது ஒங்க காலேஜ் ஹால்ல. வருகைத்தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். அத எடுத்துப் பாருங்க."

வருகைத்தாள் விடைத்தாள்களோடு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது, நகல் இல்லை என்றார்கள். அன்றைக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர் யார் என்று கேட்டாள். வெளியிலிருந்து வந்தவர், பெயர் சொல்லக் கூடாது என்றார்கள். அப்படியென்றால் நீங்களே ஒரு கடிதம் எழுதி அவரிடம் கேளுங்கள் என்றாள். முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டுக் கோவம் ஆகாதும்மா."

"எழுதாம இருந்திருந்தா கோவம் வந்திருக்காது சார்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்துவிட்டாள். நான் பின்னாலேயே வந்தேன்.

அந்த வாரமே என்னிடம் ஒரு உதவி கேட்டாள். பெரிய உதவி ஒன்றும் இல்லை. 'நிதி மேலாண்மைத் தேர்வு அன்று சகாயராணி என் பக்கத்தில் அமர்ந்து தேர்வெழுதியதைக் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் அண்ணனைக் கேட்டேன். அண்ணன், "ஒஞ் சர்டிபிகேட்டே இன்னும் காலேஜ்லதான கெடக்கு? ஊர் வம்ப எதுக்கு இழுக்குற? பேசாம இரு" என்றார்.

மறுநாள் மாலை பூத்துக்குப் போய், சர்டிபிகேட் கைக்கு வந்ததும் எழுதித் தருகிறேன் என்றேன்.

அவள் ரிசீவரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தாமல், "நீ பாத்தியா பாக்கலையா, பேச்சி?" என்றாள்.

"பாத்தேன்."

"பாத்தவ சொல்றதுக்கு சர்டிபிகேட் வேணுமா?"

அதன்பிறகு ஏழெட்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. இடையில் நடந்ததை மற்றவர்கள் சொல்லியும், பிறகு அவளே சொல்லியும் தெரிந்துகொண்டேன்.

பல்கலைக்கழகத்துக்குத் தனியாகத்தான் போனாள். ஒருமுறை போய்வர ஒருநாள் முழுதும் ஆகும், அன்றைய சம்பளம் இல்லை. தேர்வுப் பிரிவில் கம்பி போட்ட ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கை மட்டும் வெளியே வரும், மனுவை வாங்கும், முத்திரை குத்தும், திரும்ப உள்ளே போகும். பதில் வராது. மூன்றாவது முறை போனபோது ஜன்னலை விட்டு நகரமாட்டேன் என்று நின்றாள். கைக்குச் சொந்தக்காரர் முகத்தைக் காட்டினார்.

"ஆப்சென்ட்டுக்கு ரீவேல்யுவேஷன் கெடையாதும்மா. மார்க் இருந்தாத்தான் ரீவேல்யுவேஷன்."

"மார்க் இல்லங்கிறதுதான சார் எம் பிரச்சன."

"அப்ப நவம்பர்ல எழுது."

எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். முதல்வர், குமாஸ்தா, ஊர்ச் சர்ச்சில் உள்ள சாமியார், அகரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கூட வருபவர்கள். ஆறு மாதத்துக்குள் ஒரு தாளை எழுதி முடித்துவிடுவதில் என்ன கஷ்டம் என்று அவர்களுக்குப் புரியவே இல்லை. அவளுக்கும் கஷ்டம் இல்லை. புத்தகத்தைத் திறக்காமலே அறுபது வாங்கியிருப்பாள். 'வராதவள்' என்று அவர்கள் போட்டதை 'ஆமாம்' என்று ஒப்புக்கொண்டு உள்ளே போய் உட்கார வேண்டுமே, அதுதான் அவளால் முடியவில்லை.

ஆகஸ்டில் ஒரு தனியார் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. கல்லூரி முடியும் முன்பே எழுதிய எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் அவள் தேறியிருந்தாள். எழுத்தர் வேலை, திண்டுக்கல் கிளையிலேயே. செப்டம்பர் முப்பதுக்குள் பட்டச் சான்றைக் காட்ட வேண்டும். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கம்பி ஜன்னலுக்குப் போனாள். கை கடிதத்தை வாங்கியது, முத்திரை குத்தியது. அக்டோபர் முதல் வாரத்தில் அந்த வேலை வேறொருவருக்குப் போனது.

அப்போதுதான் அவள் அப்பா பூத்துக்கே வந்தார். வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு அதே அழுக்கு வேட்டியோடு வந்து நின்றார். "நவம்பர் பரீட்சைக்குப் பணம் கட்ட நாளைக்குத்தான் கடைசி நாளாம்ல. எழுதித் தொலையேன் தாயி."

"ஏம்ப்பா, நம்ம வெங்காயத்த எட போட்டு உள்ள எடுத்து வச்சிட்டு, மூட்டையே வரலன்னு சொன்னா, இன்னொரு மூட்டயக் கொண்டுபோய்ப் போடுவியா?"

"போட்டிருக்கேன்" என்றார் மிக்கேல்ராஜ். "ரெண்டு தடவ போட்டிருக்கேன். என்ன செய்யச் சொல்ற?"

அவள் தேர்வுக்குப் பணம் கட்டவில்லை. அப்பா சொன்ன பதிலைக் கேட்ட பிறகுதான் தனக்குக் கோபம் இரட்டிப்பானது என்று பின்னால் ஒருமுறை சொன்னாள். அதுவரை ஒரு விடைத்தாளுக்கான கோபமாக இருந்தது.

1998 பிப்ரவரியில் ஆறாவது முறையாகப் போனாள். கம்பி ஜன்னல்காரருக்கு இவள் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல். அன்றைக்கு அந்த எரிச்சலில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார்.

"ஒங்க வகுப்புல நாப்பது பேரு. ஒரு ஆளு வரலன்னு ஒங்க காலேஜே எழுதி அனுப்பியிருக்கு. முப்பத்தொம்பது பேப்பர் வந்துச்சு, முப்பத்தொம்பது மார்க் போட்டோம். கணக்கு கரெக்டா இருக்கு. போம்மா."

அவள் வழக்கம்போல் சண்டை போடாமல் திரும்பிவிட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, அந்த இரண்டு எண்களையும் மனதில் கூட்டிக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறாள். திண்டுக்கல்லில் இறங்கியதும் நேராக நான் வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கு வந்தாள். பில் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஏழெட்டு மாதமாக ஒரு வார்த்தை பேசாதவள்.

"பேச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு ஹால்ல எத்தன சீட்டு காலியா இருந்துச்சு?"

"ஒண்ணு. ஜன்னலோரத்துல மொத சீட்டு. கண்காணிக்க வந்தவரு அதுலதான் பைய வச்சிருந்தாரு."

"அது எத்தனாம் நம்பர்?"

வரிசைக்கு ஒன்பது பேர். நான்கு வரிசை முப்பத்தாறு. ஐந்தாவது வரிசையின் முதல் இடம் முப்பத்தேழு. நான் வாய்விட்டே எண்ணினேன். "ஸ்டான்லி" என்றேன்.

"ஸ்டான்லி அன்னிக்கு வரல. மஞ்சக்காமால வந்து கொடைரோட்டுல மாமா வீட்ல படுத்துக் கெடந்தான். வரலல்ல?"

"வரல."

"அப்ப அவனுக்கு எப்படி அறுபத்தெட்டு மார்க்கு?"

முடிவுத்தாளின் நகலைப் பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தாள். முப்பத்தேழுக்கு நேரே, நிதி மேலாண்மையில் அறுபத்தெட்டு. இத்தனை மாதம் அவள் தன் எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லாரும் எங்கள் எண்களை மட்டுமே பார்த்தோம்.

முதலாண்டுக் கணக்குப்பதிவியலிலேயே அது வரும். ஒரு பக்கம் ஒரு தவறு, மறுபக்கம் அதே அளவுக்கு இன்னொரு தவறு. இருப்பாய்வு போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாக வரும். தவறு உள்ளேயே இருக்கும், தெரியாது. ஈடுசெய் பிழை என்று பெயர். பத்து மதிப்பெண் கேள்வியாகக்கூட நாங்கள் எழுதியிருக்கிறோம். "கூட்டுத்தொகை சரியா இருந்துச்சு பேச்சி. அதனால எவனும் உள்ள பாக்கல" என்றாள்.

நான் பில் புத்தகத்திலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் கேவலமாக இருந்திருக்கும்.

ஸ்டான்லி மேட்டுப்பட்டிக்காரன். அப்பா இல்லை, அம்மா வீடுகளில் வேலை செய்து படிக்க வைத்தார். படிக்கும்போது பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவன், பட்டம் வந்ததும் வண்டிகளுக்குக் கடன் கொடுக்கும் ஒரு லீசிங் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். பழனி ரோட்டில் ஆபீஸ். கழுத்தில் டை. தேடிப்போன எங்களைப் பார்த்ததும் சிரித்தான். அவள் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனான்.

"எனக்கு என்னன்னே தெரியாது சகாயம். அரியர்தான்னு நெனச்சிட்டிருந்தேன். பாஸ்னு வந்துச்சு. ஆண்டவர் குடுத்ததுன்னு நெனச்சேன்."

"ஆண்டவர் குடுக்கல. நான் எழுதுனது."

"ஓம் பேப்பர்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ஆப்சென்ட்டுன்னு வந்தது ஒனக்குத் தெரியும்ல. காலேஜு பூராத்துக்கும் தெரியும். ரெண்டையும் சேத்துப் பாக்க ஒனக்கு அறிவில்லையா, மனசில்லையா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "ஒனக்கு நல்லா வரும் சகாயம். நீ ஏப்ரல்ல எழுதுனா அசால்ட்டா வாங்கிருவ. என்னால அது முடியாது. வேல போயிரும்."

"நல்லா வர்றவ ரெண்டு தடவ எழுதணும், வராதவன் ஒரு தடவகூட எழுத வேணாம். அப்படித்தான?"

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். 'அன்றைய தேர்வை நான் எழுதவில்லை' என்று அவனே எழுதிக் கொடுத்தால் அவன்மேல் புகார் என்று ஒன்று இருக்காது, எழுதிக் கொடுக்காவிட்டால் அவன் பெயரைப் போட்டுத் தானே எழுதப்போவதாகச் சொன்னாள். ஒரு வாரம் தவணை.

நான்காம் நாள் அவன் அம்மா பூத்துக்கு வந்தார். கூட்டம் இருந்த நேரம். போன் பேச வந்தவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு, "ஒரே ஆண்டவரக் கும்புட்டுக்கிட்டு எம் புள்ள சோத்துல மண்ணப் போடுறியே, நீ நல்லாருப்பியா?" என்று அழுதார். சகாயராணி எழுந்து அவருக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். "எம் பேப்பரத் திருப்பிக் கேக்குறேன்மா. ஒங்க பையன்கிட்ட இருந்து வேற எதையும் கேக்கல" என்றாள். அந்த அம்மா தண்ணீரைக் குடிக்காமல் போனார். அன்று மாலை அவளைப் பார்த்தேன், கண் சிவந்திருந்தது. "அந்தம்மாவ அனுப்பி வச்சவன நெனச்சா அடிக்கணும்போல இருக்கு" என்றாள்.

ஏழாம் நாள் ஸ்டான்லி எழுதிக் கொடுத்துவிட்டான். நான்கு வரி. கையெழுத்து கோணலாக இருந்தது.

இரண்டு கடிதங்களோடும் மனு போனது மார்ச்சில். ஏப்ரல், மே, ஜூன் வரை ஒரு தகவலும் இல்லை. அக்பர் அலி பாய்க்குப் படிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு வருடமாக அவள் படும்பாட்டைப் பார்த்தவர். ஒருநாள், "ஏம்மா, கையில போன வச்சுக்கிட்டு எதுக்கு பஸ்ஸுக்குக் காசு அழுவுற? தெனம் அடி. எங் கணக்குல எழுதிக்கறேன்" என்றார். ஜூலையிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு அவள் தேர்வுப் பிரிவுக்குப் போன் செய்தாள். பெயர், எண், மனு கொடுத்த தேதி, எடுத்தவர் பெயர். நான்கும் ஒரு நோட்டில். எடுப்பவர்கள் வைத்துவிடுவார்கள், மறுநாள் பத்து மணிக்கு மறுபடி அடிப்பாள். அவர்களுக்குப் பத்து மணி ஆனாலே பயம் வந்திருக்கும் என்று பாய் சொல்வார். செப்டம்பர் கடைசியில் ஒருநாள், நேரில் வரச் சொன்னார்கள்.

இந்தத் தடவை நானும் போனேன். கம்பி ஜன்னலைத் தாண்டி உள்ளே விட்டார்கள். பிரிவுக் கண்காணிப்பாளர் மேசையில் மூன்று தாள்கள் இருந்தன. ஒன்று, வராதவர்களின் பட்டியல். கல்லூரியில் கண்காணித்தவர் எழுதியது. அதில் முப்பத்தேழுக்குப் பதிலாக முப்பத்தொன்று என்று இருந்தது. இரண்டாவது, வருகைத்தாள். முப்பத்தொன்றுக்கு நேரே சகாயராணியின் கையெழுத்து, முப்பத்தேழுக்கு நேரே வெற்றிடம். மூன்றாவது, விடைத்தாள். அவள் எழுத்து. முதல் பக்கத்தில் நீல மையில் அவள் எழுதிய எண்ணின் கடைசி ஒன்றின் தலையில், சிவப்பு மையில் ஒரு சின்னக் கோடு. ஒன்று ஏழாகியிருந்தது.

"பட்டியல்ல முப்பத்தொண்ணு வரலன்னு இருந்துச்சு. ஆனா முப்பத்தொண்ணு நம்பர்ல பேப்பர் இருந்துச்சு. ரெண்டும் ஒத்துப்போகல. திருத்துற எடத்துல யாரோ சரி பண்ணியிருக்காங்க" என்றார் அவர்.

அவள் விடைத்தாளைத் தொடப்போனாள். தொடக் கூடாது என்றார். கையை எடுத்துக்கொண்டாள்.

"ஒத்துப்போகலைன்னா, எழுதுன பேப்பர நம்புவீங்களா, எழுதலன்னு சொல்ற பேப்பர நம்புவீங்களா சார்? எங் கையெழுத்து இதே கட்டுல இருந்திருக்கு. ஒண்ணேகால் வருஷமா இதே ரூம்ல இருந்திருக்கு. ஏழு தடவ வந்து அந்த ஜன்னல்ல நின்னேன். எந்திரிச்சு வந்து பாத்திருந்தா அஞ்சு நிமிஷம் சார் இது."

"அதான் இப்ப பாத்தாச்சேம்மா. மார்க் மாத்திக் குடுத்துருவோம்."

"கோடு போட்டது யாரு?"

"அதெல்லாம் இப்ப கண்டுபிடிக்க முடியாது."

"பட்டியல் எழுதுனவரு பேரு?"

அவர் தாள்களைக் கோப்பில் வைத்துக் கட்டினார். தவறு எங்களுடையது, வருந்துகிறோம் என்று எழுதித் தாருங்கள் என்று அவள் கேட்டாள். அப்படி ஒரு படிவமே இல்லை என்றார். வெள்ளைத் தாளில் எழுதினால் போதும் என்றாள். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஐந்து மணிக்கு ஒரு குறிப்பாணை தட்டச்சாகி வந்தது. 'பதிவெண் தவறாகப் பதிவானதால் மதிப்பெண் திருத்தி வழங்கப்படுகிறது.'

"தவறாகப் பதிவானதால்" என்று அவள் வாசித்தாள். "தானாவா பதிவாச்சு?"

காவலாளி விளக்கை அணைக்க வந்துவிட்டார்.

திருத்திய மதிப்பெண் பட்டியல் டிசம்பரில் தபாலில் வந்தது. ஸ்டான்லியின் அறுபத்தெட்டை எடுத்து அவளுக்குப் போட்டிருந்தார்கள். அவன் கம்பெனி அவனை அனுப்பிவிட்டது. ஏப்ரலில் எழுதித் தோற்று, நவம்பரில் எழுதி நாற்பத்துமூன்று வாங்கித் தேறினான். அதற்குள் அந்தக் கம்பெனியே மூடிப்போனது. திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதுகிறான் என்று கேள்வி. அவனுக்கு வேலை போன செய்தியை நான்தான் அவளிடம் சொன்னேன்.

"எனக்கு சந்தோஷமும் இல்ல, வருத்தமும் இல்ல பேச்சி" என்றாள். "கோவந்தான் இருக்கு. அதுவும் அவம்மேல இல்ல. அவன் எழுதிக் குடுத்துட்டான். குடுக்காதவனுக பேருகூட நமக்குத் தெரியல."

1999-இல் வேடசந்தூரில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்த அந்தோணிராஜைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் குழந்தை. ஆலைக்குப் பஞ்சு வாங்கக் கையில் எவ்வளவு இருக்க வேண்டும், நூல் விற்ற பணம் எப்போது வரும் என்பதெல்லாம் இப்போது அவள் பொறுப்பு. மேலதிகாரிகள் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவார்கள். நான் திண்டுக்கல்லில் ஒரு தணிக்கையாளரிடம் வேலை பார்க்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போவேன். என்மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று நான் கேட்டதில்லை. சாப்பிடாமல் என்னை அனுப்பமாட்டாள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது எல்லாருக்கும் முன்னால் விண்ணப்பம் போட்டவர்களில் அவளும் ஒருத்தி. 2006 ஜனவரியில், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இரண்டே கேள்வி கேட்டாள். 1997 ஏப்ரலில் அந்த அறையைக் கண்காணித்தவர் யார்? என் விடைத்தாளில் சிவப்பு மையில் எண்ணைத் திருத்தியவர் யார்?

"இத்தன வருசம் கழிச்சு எதுக்கு?" என்று அந்தோணிராஜ் கேட்டாராம். "எனக்குத் தெரியணும்" என்று சொல்லியிருக்கிறாள்.

பதில் வந்த வாரம் நான் போயிருந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட தேர்வுப் பதிவேடுகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பில் இருந்த குழம்பைக் கிளறினாள். நான் வாசித்துவிட்டு, விட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் சமையல் மேடையைத் துடைத்துவிட்டு, அங்கேயே ஒரு நீளத்தாளை வைத்து மேல்முறையீடு எழுதினாள். எந்த விதி, எந்தத் தேதியில் அழித்தீர்கள், யார் உத்தரவு, அழித்ததற்கான பதிவேட்டின் நகல். வரிசையாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, என்னிடம் கொடுத்து எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னாள். ஒரு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, காட்டினேன். போட்டுவிட்டு உறையில் வைத்து ஒட்டினாள். மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மில்லுக்கு எதிரே உள்ள தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.